படுத்துக்கொண்ட புகை

"பெரியம்மா, உங்க மில்லுப் புகை ஏன் மேல போவாம எங்க தெருவுல வந்து படுத்துக்குது?"

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் பள்ளத் தெருச் சிறுமி மெஹர் பானு இப்படிக் கேட்டாள். நெல் காயும் களத்து ஓரத்தில் ஜினேந்திரனோடு உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தவள், ஆட்டத்தின் நடுவே தலையைத் தூக்கினாள். குறை சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட குரல். அனந்தமதி சிரித்தாள். "அதுக்கும் தூக்கம் வந்திருக்கும்" என்று சொல்லி, தன் பிள்ளைக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு பொரி உருண்டை கொடுத்தாள்.

ஆனால் கேள்வி அவளை விடவில்லை. அடுத்த நாள் விடியலில் துணி எடுக்க மாடிக்குப் போனவள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

செஞ்சியின் மூன்று மலைகளும் ஊரைச் சுற்றி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தன. காற்று என்பது பேருக்கும் இல்லை. மில்லின் புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறப் புகை மெல்ல எழுந்து, புளியமரத்தின் உயரம்வரை போய், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு மச்சில் தலை இடித்ததுபோல் மடங்கி, நாலா பக்கமும் விரிந்து, பிறகு தண்ணீர் வழி தேடிப் போவதுபோலச் சரிவில் இறங்கியது. மேட்டில் இருந்த மில்லையும் வீட்டையும் அது தொடவில்லை. கீழே இருந்த பள்ளத் தெருவில் போய் நிறைந்தது. ஓட்டு வீடுகளின் முகடுகள் மட்டும் வெளியே தெரிந்தன. குழந்தை சொன்னது சரிதான். அது படுத்துத்தான் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால், தூங்குகிறவனின் வயிறுபோல அது ஏறி இறங்குவதாகவும் தோன்றியது.

அவள் துணிகளை உதறினாள். ஈர வேட்டியில் கரிய பொடி ஒட்டியிருந்தது.

ஊரில் எல்லோரும் அதை நைனார் மில் என்பார்கள். அவள் கணவர் சாந்திநாதன் கட்டிய புழுங்கல் அரிசி மில். உமியை எரித்து, பாய்லரில் ஆவி உண்டாக்கி, அந்த ஆவியில் நெல்லை வேகவைப்பார்கள். காலையில் வெயில் ஏறும்போது வெந்த நெல் களத்தில் காயவேண்டும் என்பதால் இரவெல்லாம் அடுப்பில் கனல் இருக்கவேண்டும். மற்ற ஊர் மில்களில் இரவிலும் தீ கொழுந்துவிட்டு எரியும். சாந்திநாதன் அதற்கு ஒப்பவில்லை. பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்காத சமண நைனார் வீடு அது. விளக்கில் பூச்சி விழுந்துவிடும் என்று ராச்சோறு மறுத்த பரம்பரை. நெல் இருக்கும் இடத்தில் அந்துப்பூச்சிக்குப் பஞ்சமில்லை. சுவாலையைக் கண்டால் அவை கூட்டமாய் வந்து விழும். அதனால் ஒரு கட்டளை போட்டிருந்தார். அந்தியானதும் அடுப்பின் மேல் ஈர உமியைக் கொட்டி மூடவேண்டும், சுவாலை எழக்கூடாது, கனல் உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டு கிடக்கவேண்டும். ஒரு பூச்சிக்குக்கூட இரங்குகிறாரே என்று ஊர் மெச்சியது. அனந்தமதியும் மனசுக்குள் மெச்சினாள். ஆடியிலும் ஐப்பசியிலும் அடித்த காற்று அந்தப் புகையை எங்கோ கொண்டுபோய்க் கரைத்தது. கார்த்திகையில் காற்று நின்றது.

வீராசாமி மார்கழி பாதியில் செத்துப்போனான். பஸ் நிறுத்தத்தில் வறுத்த வேர்க்கடலை விற்கும் கிழவன். பள்ளத் தெருவின் கடைசி வீடு அவனுடையது. பாய்லருக்கு உமி தள்ளும் இளையபெருமாள் வந்து சொன்னான்.

"தூக்கத்துலயே போயிட்டாம்மா. குளிப்பாட்டுறப்ப பாத்தேன், கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருக்குது. மாப்ள கணக்கா."

"வயசாயிடுச்சு பாவம்" என்றாள் அனந்தமதி. மாலை வாங்கக் காசு கொடுத்தனுப்பினாள். அன்று சாயங்காலம் அவனுக்காகக் கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். சிவந்த கன்னம் மட்டும் மனசில் நின்றது.

மூன்றாம் நாள் விடியலில் அவள் மாடியில் இருந்தபோது கீழே யாரோ இருமினார்கள். இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், அதன் வாலில் "ஏ மலையனூர் தாயே" என்று ஒரு முனகல். இந்த ஊரில் அப்படி இருமுகிறவன் ஒருவன்தான். அவனிடம் கடலை வாங்காத பிள்ளை கிடையாது. சத்தம் எந்த வீட்டுக்குள்ளிருந்தும் வரவில்லை. தெருவில் கிடந்த புகையின் நடுவிலிருந்து வந்தது. கொஞ்சம் நகர்ந்து, கிணற்றுப் பக்கம் போய், அங்கிருந்தும் வந்தது.

அவள் இறங்கி ஓடினாள். பாய்லர் கொட்டகை வாசலில் இளையபெருமாள் போர்வைக்குள் சுருண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இருமல் கேட்டியா?"

"ஊரே இருமுதும்மா. பனி."

"யாரு இருமுனது?"

அவன் பீடியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. "பனிதாம்மா" என்றான் மறுபடியும்.

அடுத்து மோர் விற்கும் மீனம்பாள். நாற்பது வயசு இருக்கும், கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. விடிந்து கதவு திறக்கவில்லை. அவளுக்கும் கன்னம் சிவந்திருந்ததாம். அவள் போன பிறகு புகையில் இரண்டு இருமல்கள். இரண்டாவது இருமலோடு கண்ணாடி வளையல்கள் குலுங்கின. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறவளின் கைவளையல் குலுங்குமே, அப்படி.

அன்று சூரியன் சாய்வதற்குமுன் கணவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அனந்தமதி பேச்சை எடுத்தாள்.

"இன்னாங்க, ராத்திரிக்கு மூடி வைக்கிற கனலால புகை ஜாஸ்தியாவுது. நல்லா எரியவிட்டா சூடு அதை மேல தள்ளிக்கினு போயிடும். பகல்ல பாருங்க, நேரா மேல போவுது."

சாந்திநாதன் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். கோபக்காரர் இல்லை அவர். எறும்பு வரிசையைத் தாண்ட நின்று காத்திருக்கிறவர்.

"ஒரு ராத்திரி சுவாலை எரிஞ்சா எத்தனை உசுரு விழும், தெரியுமா உனக்கு?"

"பள்ளத் தெருவுலயும் உசுருதாங்க."

"பனிக்காலத்துல கெழடு கட்டை போறது புதுசா? புகை எங்கயாவது ஆளைக் கொல்லுமா? மனசப் போட்டுக் கொழப்பிக்காத, அனந்தா." பிறகு, அவள் முகம் வாடியதைக் கண்டு, "தை பொறந்தா காத்து வந்துடும்" என்றார்.

தை பிறந்தது. காற்று வரவில்லை.

ஜினேந்திரன் வல்லத்தில் தாத்தா வீட்டில் பொங்கலுக்கு இருந்தான். அவன் இல்லாததால் மெஹர் பானுவும் மேட்டுக்கு வருவது நின்றிருந்தது. அனந்தமதி தூதுவளைக் கஷாயம் காய்ச்சி எடுத்துக்கொண்டு பள்ளத் தெருவுக்கு இறங்கினாள். வெயில் நன்றாக ஏறிய வேளை. மேட்டில் அவள் நிழல் பளிச்சென்று விழுந்தது. சரிவில் பாதி இறங்கியதும் நிழல் மங்கிற்று. தெருவுக்குள் காலை வைத்ததும் காணாமல் போயிற்று. கருகிய உமியின் நாற்றம், அதற்கடியில் ஈரத் துணியின் நாற்றம், அதற்கும் அடியில் பேர் தெரியாத, லேசாக இனிக்கிற ஒரு நாற்றம். நாக்கில் சாம்பல் தட்டியது. கிணற்றடியில் ஆள் இல்லை. நாய்கள் இல்லை.

மெஹர் பானுவின் அம்மா ஹுசைன் பீ வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கரீம் தையற்காரன். அனந்தபுரம் சந்தைக்குத் துணி மூட்டையோடு போயிருந்தான்.

"வாக்கா. உங்க மில்லு அரிசி வாங்க எங்களுக்கு வக்கில்லன்னு நைனாரு புகைய இனாமா அனுப்புறாரு. பாரு, வூடு பூரா நெறஞ்சி கிடக்குது."

"கொழந்தை எங்க பீம்மா?"

"தூங்குறா. ரெண்டு நாளா தூக்கந்தான். தலைய நோவுதுன்றா. வாந்தி எடுக்குறா. மறுபடி தூங்குறா."

உள்ளே மெஹர் பானு பாயில் கிடந்தாள். கன்னங்கள் சிவந்திருந்தன.

அனந்தமதி செம்பைக் கீழே வைத்தாள். "பீம்மா, எங்கூட அனுப்பிடு. மேட்டுல இருக்கட்டும். நாலு நாளு."

ஹுசைன் பீ ஊசியை நிறுத்தினாள். அவள் கண்ணிலும் பயம் இருந்தது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள். "எம்பொண்ண நீ கூட்டிக்கினு போயிடுவ. பக்கத்து வூட்டுல மூணு இருக்குது. எதுத்தாப்புல கைக்கொழந்த. அதுங்கள யாருக்கா கூட்டிக்கினு போவாங்க? என் பொண்ணு மேட்டுல மூச்சு வுடுறதை அந்தத் தாய்ங்க இங்கேருந்து பாத்துக்கினு இருக்கணுமா?"

அனந்தமதி கஷாயத்தைக் குழந்தையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே நின்றதும் உள்ளே இருந்ததும் ஒன்றுதான் என்று கண்டு, மூடினாள்.

மறுநாள் விடியல். மாடி. பனி கைப்பிடிச் சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே புகை, முகட்டையும் மறைத்து, வழவழவென்று, குளம்போல. முதலில் வீராசாமி. பிறகு வளையல்கள். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு மூன்றாவதாக ஒன்று.

சின்ன இருமல். இருமி முடித்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம். கல்லாங்காய் ஆடும்போது எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் அதை.

செருப்பில்லாமல் ஓடினாள். முள் தைத்தது தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புகைக்குள் போய், சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தட்டினாள். ஹுசைன் பீ திறந்தாள். பாயில் மெஹர் பானு. மூச்சு இருந்தது. மெதுவான, நீளமான மூச்சு. வாய் மூடியிருந்தது.

"இருமுனாளா?"

"இல்லியேக்கா. சத்தமே இல்ல ராத்திரி பூரா."

வெளியே, கதவுக்கு அந்தப் பக்கம், தெருவில், மெஹர் பானு இருமினாள். மூக்கை உறிஞ்சினாள்.

ஹுசைன் பீக்குக் கேட்கவில்லை. அவள் குழந்தையின் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

அன்று காலை சாந்திநாதன் நெல் பேசவும் மகனை அழைத்து வரவும் வல்லத்துக்குப் புறப்பட்டார். அனந்தமதி வாசல்வரை வந்தாள். தனக்குக் கேட்டதைச் சொன்னாள். அவர் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"உடம்பு சுடுது. படுத்து எழுந்திரு. ராத்திரி இளையபெருமாள் பாத்துப்பான்." அவனையும் கூப்பிட்டுச் சொன்னார்: "பொழுது சாஞ்சா மூடிடு. சுவாலை வரக்கூடாது."

"சரிங்க நைனாரே."

பகல் முழுக்க அவள் அசையாத இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரச இலைகூட ஆடவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அப்படி இருந்தால் அன்றைக்குப் பனி அதிகம் என்று இந்த மாதத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. பனி அதிகமானால் மச்சு இன்னும் தாழ இறங்கும் என்பதும். வெயில் மஞ்சளாயிற்று. கோட்டை மலையின் நிழல் ஊர்மேல் நீண்டு வந்தது. இளையபெருமாள் ஈர உமியைக் கொட்டி அடுப்பை மூடினான். புகை புளியமரத்தின் பாதிவரைகூடப் போகவில்லை. மடங்கியது. சரிவைப் பார்த்து நகர்ந்தது.

அவள் கொட்டகைக்குப் போனாள்.

"நீ வூட்டுக்குப் போ. கொழந்தைங்களுக்கு இதை எடுத்துக்கினு போ." பொங்கல் வெல்லமும் ஒரு படி அரிசியும் கொடுத்தாள்.

"நைனாரு கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"அம்மா போவச் சொன்னாங்கன்னு சொல்லு. உம்மேல ஒண்ணும் வராது."

அவன் தயங்கினான். "இங்க தனியா இருக்காதம்மா" என்றான். வேறெதுவோ சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் போனான். அவனுக்கும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆவிக் குழாய் நெல் தொட்டிக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். திறந்திருந்தது. புடவையை இழுத்துச் செருகினாள். அடுப்பின் இரும்புக் கதவைக் கொக்கியால் திறந்து, உள்ளே மூடிக்கிடந்த ஈர உமியைத் தன் பலம் எல்லாம் கூட்டி வெளியே இழுத்தாள். முகத்தில் சூடு அறைந்தது. காய்ந்த உமியை ஒரு கூடை அள்ளி வீசினாள். கனல் அதை ஒரு நொடி முகர்ந்து பார்த்தது. பிறகு தீ எழுந்தது.

மஞ்சளாய், சத்தமாய், புகைபோக்கியின் குடலுக்குள் உறுமிக்கொண்டு எழுந்தது. அவள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். புகை நேராக ஏறியது. புளியமரத்தைத் தாண்டியது. மச்சு இருந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறி, அதைக் கிழித்துக்கொண்டு மேலே போயிற்று.

பூச்சிகள் வந்தன. மூட்டைகளின் இடுக்கிலிருந்தும் கூரையிலிருந்தும் கூட்டமாய், சாம்பல் நிறச் சிறகுகளோடு, அவள் காதையும் கன்னத்தையும் உரசிக்கொண்டு. ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சின்னப் பொறி. பிறந்ததிலிருந்து தெரிந்து ஓர் எறும்பை மிதித்தவள் இல்லை. கைகளைக் கூப்பி, "இந்தப் பாவம் எனக்கே சேரட்டும், மத்த யாருக்கும் வேணாம்" என்று சொன்னாள். பஞ்ச நமஸ்காரத்தை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கூடையை அள்ளினாள்.

ஜினேந்திரன் பிறந்த பத்தாம் நாள் அவளுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. மார் வற்றிப்போயிற்று. பசும்பாலைக் குழந்தை கக்கியது. அப்போது கைக்குழந்தையோடு இருந்த ஹுசைன் பீ, களத்தில் நெல் துழாவ வரும் சாக்கில், பின்கட்டு வழியாக வந்து, ஒரு மார் தன் மகளுக்கும் ஒரு மார் இவனுக்குமாக ஒரு மாதம் கொடுத்தாள். சாந்திநாதனுக்குத் தெரியாது. கரீமுக்கும் தெரியாது. அவளும் அதைப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. கஷ்டம் என்று கேட்டு இந்த வீட்டுப் படி ஏறியதும் இல்லை.

அடுத்த கூடை. அடுத்தது.

வெளியே சத்தம் மாறியது.

வாசலுக்கு வந்தாள். கீழே பள்ளத் தெருவில் புகை எழுந்து உட்கார்ந்திருந்தது. தனக்குப் பின்னால் இனி வேறு புகை இறங்கி வராது என்று தெரிந்துகொண்டதுபோல, அது கிணற்றை விட்டு, வீடுகளை விட்டு, தன்னைச் சுருட்டிக்கொண்டு சரிவில் ஏறியது. மேட்டை நோக்கி. காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. அது ஏறியது.

கதவைச் சாத்தலாம். வீட்டுக்கு ஓடலாம். ஓடினால் தீ அடங்கும்.

அவள் கதவைச் சாத்தவில்லை.

"வாங்க" என்றாள். மறுபடி சொன்னாள். "வாங்க. இங்கேருந்துதான வந்தீங்க. இங்கயே வாங்க. அந்தத் தெருவுக்கு இனிமே போவாதீங்க."

கொட்டகையின் வெளிச்சம் மங்கியது. உமி நாற்றம். ஈரத் துணி. அந்த இனிப்பு.

இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல். வலப்பக்கம், மூட்டைகளுக்கு அருகே. சாம்பலில் பிசைந்து நிறுத்தியதுபோல ஒரு கூனல் உருவம். கன்னம் இருக்கவேண்டிய இடம் மட்டும் சிவப்பு. இடப்பக்கம் வளையல்கள்.

"வீராசாமி, மீனம்பா, உங்களுக்கு நாங்க செஞ்சது தப்பு" என்றாள் அனந்தமதி. "அதுக்குக் கொழந்தை பதில் சொல்லக் கூடாது."

கூடை. தீ. கூடை.

வாசலில் மூன்றாவது உருவம். சின்னது. அவள் இடுப்பு உயரம். முகம் இன்னும் ஆகவில்லை. வாய் மட்டும் இருந்தது. அது இருமவில்லை. வந்தது. தீயின் சூட்டைத் தாண்டி வந்தது. அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லும் குழந்தைபோல அண்ணாந்தது.

சில்லென்று இருந்தது. எலும்புவரை.

அவள் நகரவில்லை. ஒரு கையால் அதன் தலை இருந்த இடத்தைத் தொட்டாள். விரல்கள் உள்ளே போயின.

"அவ வேணாம்" என்றாள் மெதுவாக. "என்னை எடுத்துக்கோ."

அது வாயைத் திறந்தது. இருமியது.

வறண்ட இருமல். முடிவில் தொண்டையைச் செருமும் சத்தம். மெஹர் பானுவுடையது இல்லை. முப்பது வருஷமாகத் தன் தொண்டைக்குள்ளிருந்து அவள் கேட்டு வந்த சத்தம் அது.

அவள் இருமவில்லை. அவள் உதடுகள் மூடியிருந்தன.

சரிவின் கீழே பள்ளத் தெரு தெளிந்து கிடந்தது. ஹுசைன் பீயின் ஓட்டுக் கூரைமேல் நட்சத்திரங்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது, நல்ல பலத்தோடு.

அனந்தமதி குனிந்து அடுத்த கூடையை நிரப்பினாள். இடுப்பைக் கட்டியிருந்த பிடி இறுகியது. அந்தச் சின்ன வாய் அவள் குரலில் இன்னொரு முறை இருமியது. அந்தக் குரலோடு, அவள் முகமே அதில் முளைக்கத் தொடங்கியது.

அவள் உமியைத் தீயில் வீசினாள்.